ஒரு பாய் அளவு வெயில்

என்ர தங்கச்சி சுகிர்தம் நோர்வேக்கு வந்து இறங்கேக்கை வெயிலையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதிலை அதிசயப்பட ஒண்டுமில்லை, அவள் சின்னனிலையிருந்தே எங்கை போனாலும் தேவையில்லாத சாமானெல்லாம் கட்டிக்கொண்டு வாறவள்தான். ஆனா என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் கொண்டுவந்தாள் பாருங்கோ, அதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை.

நாங்கள் இருக்கிறது ட்ரொம்ஸோவிலை, நோர்வேயின்ர வடக்குத் தலைமாட்டிலை, சுத்திவரக் கடலும் கடலுக்கங்காலை மலையுமாக் கிடக்கிற ஒரு தீவிலை. கார்த்திகை மாசம் சூரியன் மலைக்குப் பின்னாலை இறங்கிச்சுதெண்டால் பேந்து தை பிறந்து ஒரு கிழமை போனாப் பிறகுதான் எட்டிப் பாக்கும். அதுவரைக்கும் மத்தியானத்திலை கொஞ்ச நேரம் நீலமா ஒரு மங்கல், அவ்வளவுதான், மிச்சமெல்லாம் இருட்டு. இங்கத்தைச் சனம் அதுக்கு இருட்டுக்காலம் எண்டு பேரும் வைச்சு, யன்னலுக்கு யன்னல் மெழுகுதிரி கொளுத்தி, கம்பளிக் காலுறை பின்னி, கோப்பியைக் குடிச்சுக் குடிச்சு, பஸ்ஸிலை பக்கத்துச் சீற் வெறுமையாக் கிடந்தாலும் போய் இராமல் எழும்பி நிண்டு, ஒருத்தரோடை ஒருத்தர் கதையாமல் அதைக் கடந்துபோகும்.

என்ர மனிசனாலை அப்பிடிக் கடக்க ஏலாது. அவர் பேர் யோகேந்திரன், பஸ் கராச்சிலை வேலை, பகிடிக்கும் பழங்கதைக்கும் பேர்போன ஆள், கோடையிலை எங்கட வீட்டிலை வந்திருந்தால் சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பிப் போகோணும். இருட்டுக்காலம் துவங்கினால் அந்த வாய் பூட்டுப்பட்டுப் போகும். ஓம், இல்லை, விடு, இந்த மூண்டு சொல்லோடை மார்கழி முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பார். டொக்டர் தந்த வெளிச்சப்பெட்டிக்கு முன்னாலை காலமை காலமை கையைப் பிடிச்சு இருத்தினது நான், மீனெண்ணெய் பருக்கினது நான், சப்பாத்துக்கு ஆணிப்பட்டி கொழுவி ஐசிலை நடத்திக்கொண்டு திரிஞ்சது நான். மலைக்கு மேலை சூரியன் வந்தாப் பிறகு, ஏதோ பயணம் போட்டு வந்தவர் மாதிரி, "தவம், தேத்தண்ணி இருக்கே?" எண்டு கேப்பார். அந்தக் குரலுக்காக நான் ஒவ்வொரு வருசமும் காத்துக்கொண்டிருந்தன். எனக்கு அவரின்ர கதை வேணும், அதை விட்டால் இந்த நாட்டிட்டை நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை.

சுகிர்தத்துக்கு இதெல்லாம் ரெலிபோனிலை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துபோச்சு. "உங்களுக்கென்னக்கா, வெளிநாடு" எண்டுதான் பதில் வரும். அவள் பனி பாக்கோணும், அதுவும் மார்கழியிலைதான் பாக்கோணும் எண்டு நிண்டபோது, மெய்யைச் சொல்லுறன், எனக்குச் சந்தோசம். வரட்டும், வந்து நடுங்கட்டும், கண்ணைக் கட்டின மாதிரி இந்த இருட்டுக்குள்ளை நிண்டுபோட்டு, "எடியக்கா, இதுக்குள்ளையோ நீ சீவிக்கிறாய்" எண்டு ஒருக்காச் சொல்லட்டும். அதுக்காகவே தெரிஞ்ச வீடெல்லாம் ஏறி இறங்கித் தடிச்ச ஜக்கெற், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் இரவல் வாங்கி வைச்சிருந்தன்.

விமான நிலையக் கதவு திறந்தது. பூப்போட்ட பருத்திச் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாய்ச் சுகிர்தம் வந்தாள், அவளைச் சுத்தி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெயில் வந்தது. எங்கட ஊர்ப் பத்துமணி வெயில், நிலத்திலை அவளின்ர நிழல் கறுப்பா விழ, செருப்புப் பட்ட இடமெல்லாம் பனி உருகி ஓட, அவள் பாட்டுக்கு நடந்து வந்தாள். பெட்டி சோதிக்கிற உத்தியோகத்தன் ஒருத்தன் இரண்டு கையையும் அதுக்குள்ளை நீட்டிக் கொஞ்ச நேரம் சூடு பிடிச்சுப்போட்டு, போகலாம் எண்டு தலையாட்டினான்.

"என்னக்கா, குளிர் குளிர் எண்டாய், எனக்கு வேர்த்து வடியுது" எண்டாள்.

நான் ஜக்கெற்றைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டன். அவளின்ர பெட்டியைத் தூக்கவெண்டு என்ர மனிசன் அந்த வெயிலுக்குள்ளை ஒரு கால் வைச்சார், மற்றக் காலையும் வைச்சார், முகத்தை அண்ணாந்து கண்ணை மூடினார். ரெண்டு கிழமையா அந்த மூண்டு சொல்லைத் தவிர ஒண்டுமே கதையாத மனிசன், "சுகிர்தம், பயணம் எப்பிடியம்மா? சாப்பாடு ஏதும் தந்தவங்களோ, இல்லாட்டி அந்தக் காய்ஞ்ச பாண் துண்டுதானோ?" எண்டு கேட்டார். எனக்கு வயிறு எரிஞ்சது. சந்தோசமும் வந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா எரிவுதான் முந்தி வந்தது.

அந்த வெயிலுக்கு யாழ்ப்பாண நேரம். அங்கை விடியேக்கை இங்கை நடுச்சாமம் தாண்டி ரெண்டு மணி, அங்கை பொழுதுபடேக்கை இங்கை மத்தியானம் ஒண்டரை. அவளும் வெயிலின்ர ஆள்தான், வெயில் சாய்ஞ்சு விழுந்தால் கோழி மாதிரி, இருந்த இடத்திலையே கண் செருகிப் போகும், பேந்து அது எழும்பினால்தான் அவளும் எழும்புவாள். இடையிலை மேளமடிச்சாலும் அசையமாட்டாள். விளங்குதோ உங்களுக்கு? அவள் இங்கை நிண்ட காலம் முழுக்க இருட்டெண்ட ஒண்டைக் கண்ணாலை காணேல்லை. முழிச்சிருக்கேக்கை வெயில், இருட்டேக்கை நித்திரை. நான் வேணுமெண்டு சத்தமாப் பாத்திரம் கழுவினன், முகத்திலை தண்ணி தெளிச்சன், ஒருநாள் காலிலை கிள்ளியும் பாத்தன்.

சனம் இதை எப்பிடி எடுத்துதெண்டு கேக்கிறியளோ? பஸ் நேரம் மாறினதை எடுக்கிற மாதிரித்தான் எடுத்தது. முதல் வந்தது மேல்வீட்டுத் துரீட். அறுபது கழிஞ்ச மனிசி, படியிலை கண்டால் "ஹை" எண்டு சொல்லுறதோடை எங்கட உறவு முடிஞ்சிடும், அப்பிடியே வருசக்கணக்கா ஓடினது. அண்டைக்குக் காலமை கறுப்புக் கண்ணாடி போட்டு, குளிக்கிற உடுப்போடை, கையிலை வாட்டின வாபிள் அப்பத் தட்டோடை வந்து நிண்டு, "உங்கட தங்கச்சிக்குப் பக்கத்திலை ஒரு இருபது நிமிசம் இருக்கலாமோ?" எண்டு கேட்டா. இருந்தா. சுவரிலை முதுகைச் சாய்ச்சு, முகத்தை வெயிலுக்குக் குடுத்து, ஒரு சொல்லும் கதையாமல் இருந்தா, போகேக்கை அழுதுகொண்டு போனா. அடுத்த நாள் மருந்துக்கடையிலை இருக்கிற மாதிரி ஒரு நம்பர்த் துண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என்ர வாசல் நிலையிலை பூட்டிவிட்டா.

அதுக்குப் பிறகு நம்பர் எடுத்து நம்பர் எடுத்துச் சனம் வந்தது. பாலர் பாடசாலைப் பிள்ளையள் மினுங்குற அங்கி போட்டு ஒரே கயித்தைப் பிடிச்சுக்கொண்டு வரிசையா வந்துதுகள். மீன்பிடிக்காரர் ஈரக் கையுறை காயப்போட வந்தினம். நகரசபையிலையிருந்து ஒருத்தர் வந்து, வெயிலைச் சுத்தி நடந்து பாத்து, இதுக்குச் சட்டத்திலை ஒண்டும் சொல்லேல்லை, ஆனா உருகிற தண்ணி திரும்ப உறைஞ்சு ஆரும் சறுக்கி விழக்கூடாது, படியிலை மணல் போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, போறதுக்கு முதல் தானும் ஒரு நம்பர் எடுத்தார். மணல் போட்டது ஆர்? நான்தான்.

எங்கட தமிழ்ச்சனம் நம்பர் எடுக்குமே? "நாங்கள் சொந்தக்காரர்" எண்டு சொல்லிக்கொண்டு பின்வாசலாலை வந்துதுகள். மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், அரிச்ச அரிசிமா, ஈரத் தலாணி, எண்ணெய் பூசின குழந்தைப்பிள்ளை, எல்லாத்தையும் அந்த ஒரு பாய் அளவுக்குள்ளை பரப்பினால் வெள்ளைக்காரர் எங்கை இருக்கிறது? மிளகாய்க் காரத்திலை அவையள் தும்மத் துவங்கினதும் சண்டை வரப்போகுதெண்டு நான் ஆவலாப் பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு சண்டையும் வரேல்லை. துரீட் ஒரு பேப்பரிலை நேரம் பிரிச்சு ஒட்டினா, காலமை ஏழுக்கு முதல் காயப்போடுற ஆக்கள், ஏழுக்குப் பிறகு காயிற ஆக்கள் எண்டு. எங்கட சங்கத் தலைவர் பஞ்சலிங்கம் அண்ணை அதை மொழிபெயர்த்து ஒலிபெருக்கியிலை வாசிக்காத குறை.

இருட்டுக்காலத்து ட்ரொம்ஸோவிலை வெளியூர்ச்சனம் ஆசைப்பட்டுப் பாக்கிற எல்லாத்தையும் துரீட்டே சுகிர்தத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினா. நான் இந்த ஊரிலை இவ்வளவு காலம் இருந்தும் என்னை ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் வாவெண்டு கேட்டதில்லை. துறைமுகத்திலை மிதக்கிற வேர்வைக் குளியல் வீட்டுக்குப் போனாள், எல்லாரும் பலகைத் தட்டிலை இருந்து வேர்த்துப்போட்டு ஐஸ்த்தண்ணிக் கடலுக்குள்ளை குதிச்சுக் குழறேக்கை, இவள் இறங்கின இடத்திலை கடல் எங்கட ஊர்க் கீரிமலைக் கேணி மாதிரி இதமாக் கிடந்ததாம், குளிச்சு முடியப் பாத்தால் காலடியிலை பெரிய பெரிய மீன் வந்து வெயில் காய்ஞ்சுகொண்டு நிண்டதாம். பனிமான் வண்டியிலை ஏறப் போனாள், மான் வண்டி இழுக்கேல்லை, திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்திலை படுத்திட்டுது. லூசியாத் திருநாளண்டு வெள்ளை அங்கிப் பிள்ளையள் மெழுகுதிரி பிடிச்சுப் பாட்டுப் படிச்சுக்கொண்டு வந்தால் அவளின்ர வெயிலுக்குள்ளை திரிச்சுடர் ஒண்டும் தெரியேல்லை, பிள்ளையள் திரியை நூத்துப்போட்டு அவளைச் சுத்தி இருந்து பாடிச்சுதுகள். வானத்திலை பச்சையாய் ஒளி ஆடுறதை மட்டும் அவளாலை பாக்க ஏலாமல் போச்சு, வெயிலுக்குள்ளை நிண்டு அண்ணாந்தால் வெறும் நீல வானம்தான் தெரியுமாம். அதைக் கேட்டு எனக்கு ஒரு நாள் முழுக்க நல்ல பசியெடுத்தது.

மீனும் மீனீரலும் முட்டையும் அவிச்சுத் துரீட் வீட்டிலை அவளுக்கு விருந்து வைச்சினம். அவள் கொண்டுபோன பச்சைமிளகாயைக் கடிச்சுக் கடிச்சுச் சாப்பிட, துரீட்டும் கடிச்சா, கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சிரிச்சா. அந்தச் சிரிப்புச் சத்தம் கீழ்வீட்டுக்கு, என்ர குசினிக்கு, நல்லாக் கேட்டது.

ஒருநாள் சுகிர்தத்தின்ர மனிசன் ஊரிலையிருந்து ரெலிபோன் எடுத்து ஒரு முறைப்பாடு சொன்னான். அவள் பிளேன் ஏறின நாளிலையிருந்து வீட்டு முத்தத்திலை ஒரு பாய் அளவுக்கு இருட்டாம். பட்டப்பகலிலை அதுக்குள்ளை போட்ட நெல்லுக் காயாதாம். அப்பாடா எண்டு எனக்கு ஒரு ஆறுதல் வந்தது, என்ர வீட்டு இருட்டு அங்கை போய்ச் சேந்திட்டுது, இனியாவது விளங்கட்டும் எண்டு நினைச்சன். அவன் விடாமல் சொல்லிக்கொண்டு போனான், "ஆனா மச்சாள், நல்ல குளிர்மை. சுத்துவட்டாரச் சனமெல்லாம் மத்தியானம் தலாணியும் கொண்டு வந்து அதுக்குள்ளைதான் படுக்குது. இடமில்லாமல் முறை வைச்சிருக்கிறம்." அங்கையும் அவளின்ர வீட்டுச் சாமானுக்குத்தான் மவுசு. நான் ரெலிபோனை வைச்சிட்டன்.

இதையெல்லாம் நான் பொறுத்திருப்பன். பொறுக்கேலாமல் போனது என்ர மனிசன்ர கதை. காலமை எழும்பினதும் அவர் நேரே அந்த வெயிலுக்குள்ளை போய்ச் சப்பாணி கட்டி இருந்திடுவார். இருந்தால் கதைதான். தான் சின்னனிலை தோணியிலை போய்க் காணாமல் போன கதை, முதல் முதல் இந்த நாட்டுக்கு வந்து மீன் பக்ரறியிலை வெட்டின மீனுக்கு மன்னிப்புக் கேட்ட கதை, பஸ்ஸுக்குள்ளை பனிமான் ஏறின கதை. எனக்குத் தெரியாத கதையளெல்லாம் எங்கையிருந்தோ வந்தது. அதையும் ஆறுதலாச் சொல்லுவாரோ, சந்தைக்குள்ளை நிண்டு கூப்பிடுற மாதிரிக் கத்திக் கத்திச் சொல்லுவார். சுகிர்தம் "ஓமே அத்தான், பிறகே அத்தான்" எண்டு கன்னத்திலை கைவைச்சுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒண்டரைக்கு வெயில் விழும். அவள் சரிஞ்சு படுத்திடுவாள். அவர் சொல்லிக்கொண்டிருந்த சொல்லை நடுவிலையே விட்டிட்டு, எழும்பிப் போய்ச் சுவரைப் பாத்துப் படுத்திடுவார். பின்னேரம் முழுக்க எனக்கு ஓம், இல்லை, விடு.

நான் அந்த வெயிலுக்குள்ளை ஒருநாளும் கால் வைக்கேல்லை. வாற சனத்துக்குத் தேத்தண்ணி போடோணும், கோப்பை கழுவோணும், மணல் போடோணும். அதோடை எனக்கு ரோசமும் இருந்தது. என்ர மனிசனோடை கதைக்க நான் என்ர தங்கச்சியின்ர வெயிலிலை நம்பர் எடுத்து நிக்கோணுமோ? குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலை ஒரு வாசல்தான், அங்கை அவர் சிரிக்க, இஞ்சை நான் வெங்காயம் வெட்டுவன்.

தைப்பொங்கல் வந்தது. சூரியனுக்கு நன்றி சொல்லுற நாளிலை சூரியன் இல்லாத ஊர் எங்கட ஊர். ஒவ்வொரு வருசமும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, நெருப்பு மணி அடிக்குமெண்டு கரண்ட் அடுப்பிலை பொங்கி, பிள்ளையள் கீறின கடுதாசிச் சூரியனைச் சுவரிலை ஒட்டி, எந்தத் திசையைப் பாத்துக் கும்பிடுறதெண்டு பஞ்சலிங்கம் அண்ணை கைப்போனிலை திசைகாட்டியை வைச்சுச் சண்டைபிடிச்சு முடியப் பொங்கல் ஆறிப்போகும். இந்த முறை சண்டையில்லை. மண்டபத்துக்கு நடுவிலை சுகிர்தத்தைப் பாயிலை இருத்தி, அவளின்ர வெயிலுக்குள்ளை அடுப்பை வைச்சினம். வழமையாப் பானையைக் கிண்டுறது நான். இந்த முறையும் நான்தான் கிண்டினன், ஆனா வெயிலுக்கு வெளியிலை நிண்டு, நீட்டுப் பிடி அகப்பையாலை கையை எட்டி எட்டிக் கிண்டினன். தோள்மூட்டு ஒரு கிழமை நொந்தது.

பால் பொங்கி நாலு பக்கமும் வழிஞ்சது. "பொங்கலோ பொங்கல்" எண்டு சனம் குழறிச்சுது. பேந்து படைக்கிற நேரம், சூரியன் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிடுறதுதானே வழக்கம், பழக்கத்திலை எல்லாரும் வெயிலைப் பாத்துத் திரும்பினம். திரும்பினால் நடுவிலை இருக்கிறவள் சுகிர்தம். பஞ்சலிங்கம் அண்ணை கற்பூரத்தட்டைத் தூக்கி அவளின்ர முகத்துக்கு நேரை மூண்டு தரம் சுத்தினார், சனம் கன்னத்திலை போட்டுது, துரீட்டும் பாத்துப் பாத்துப் போட்டா.

"ஐயோ அண்ணை, என்னைக் கும்பிடாதேங்கோ, எனக்குக் கூச்சமாக் கிடக்கு" எண்டு வாய்க்குள்ளை கரும்போடை சொன்னாள் என்ர தங்கச்சி.

"நீர் சும்மா இரும் பிள்ளை" எண்டுபோட்டுப் பஞ்சலிங்கம் அண்ணை எழும்பி நிண்டு தொண்டையைச் செருமினார். "சபையோருக்கு ஒரு விசயம். சுகிர்தம் நாளையிண்டைக்குப் போறா. சூரியன் வர இன்னும் ஒரு கிழமை கிடக்கு. வாற வருசமும் இருட்டுக்காலம் வரத்தான் போகுது. அவவின்ர விசாவை நீட்டி, இஞ்சையே வைச்சிருக்கிறதுக்குச் சங்கம் ஏற்பாடு செய்யலாமெண்டு யோசிக்கிறம். விருப்பமானவை கையைத் தூக்குங்கோ."

மண்டபமே கையைத் தூக்கிச்சுது. குழந்தைப்பிள்ளையளின்ர கையைத் தாய்மார் தூக்கிவிட்டினம். என்ர மனிசன் இரண்டு கையையும் தூக்கினார். நான் அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"ஏன் தங்கச்சி தவம், உமக்கு விருப்பமில்லையோ?" எண்டார் பஞ்சலிங்கம் அண்ணை.

"அவளுக்கு அங்கை புருசன் இருக்கிறான், தோட்டத்திலை வெங்காயம் கிண்டுற காலம் வருகுது" எண்டன். என்ர மனிசன் கையை இறக்கேல்லை, என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார், அந்தப் பார்வையிலை என்ன இருந்ததெண்டு வெளிச்சத்துக்கு வெளியிலை நிண்ட எனக்குத் தெரியேல்லை.

நல்லகாலம், சுகிர்தமே சொன்னாள், "என்னாலை ஏலாது அண்ணை. இஞ்சை சரியான வேர்வை."

அண்டைக்கு வீட்டை வந்து அவள் பெட்டி அடுக்கினாள். ஊர் முழுக்கக் குடுத்துவிட்ட கம்பளிக் காலுறை, கம்பளிச் சுவெட்டர், கம்பளித் தொப்பி, யாழ்ப்பாண வெக்கைக்கு அதெல்லாம் என்னத்துக்கோ தெரியாது. நான் வெயிலுக்கு வெளியிலை கதிரை போட்டு இருந்து, மடிச்சதை எட்டி எட்டி நீட்டினன்.

"உனக்கு என்னிலை என்னக்கா கோவம்?" எண்டாள்.

"ஆர் கோவம்? நீ வந்தாய், எல்லாரையும் சிரிக்க வைச்சாய், என்ர மனிசனுக்கு வாய் திறந்துவிட்டாய். நான் எத்தினை வருசமாக் கையைப் பிடிச்சு இழுத்தன், நீ சும்மா வந்து இருந்தாய். எனக்கென்ன கோவம்."

அவள் கையிலை இருந்த சுவெட்டரைப் பெட்டிக்குள்ளை போடாமல் வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தாள். "அக்கா, அத்தான் உப்பிடிக் கத்திக் கத்திக் கதைக்கிறது ஆருக்கெண்டு நினைக்கிறாய்? எனக்குக் காது நல்லாக் கேக்கும். குசினிதான் தூரம்."

"சும்மா அலட்டாதை."

"நான் ஏனடி அலட்டுறன்? ஒவ்வொரு கதை முடியவும் குசினிப் பக்கம்தான் பாப்பார், நீ சிரிச்சனியோ எண்டு. பாயிலை எனக்கும் அவருக்கும் நடுவிலை ஒரு ஆள் இருக்கிற இடம் விட்டிருக்கும், அதிலை மிளகாய் பரப்பப் போன பஞ்சலிங்கம் அண்ணைக்கு அத்தானிட்டை நல்லாப் பேச்சும் விழுந்தது. நீதான் வரேல்லை."

"எனக்கு வேலை இருந்தது" எண்டன்.

"ஓமோம். உலகத்து வேலையெல்லாம் உன்ர தலையிலைதான்."

எனக்கு அவளை ஒரு அறை அறைஞ்சால் என்ன எண்டிருந்தது. அவள் சொல்லுறது பொய்யெண்டால் அவள் என்னைப் பேய்க்காட்டுறாள். மெய்யெண்டால் நான் இந்த ஒண்டரை மாசத்தையும் கோப்பை கழுவிக் கழுவியே தண்ணியிலை விட்டிருக்கிறன். இரண்டிலை எதை நம்பினாலும் எனக்கு நித்திரை வராது, வரவுமில்லை.

போற நாள் வந்தது. பிளேன் பின்னேரம் நாலு மணிக்கு. ஒருத்தரும் வரக்கூடாது, அவள் வீட்டாரோடை இருக்கட்டும் எண்டு துரீட் நம்பர்ப் பெட்டியைக் கழட்டிக்கொண்டு போட்டா. நான் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினன், குசினியைக் கூட்டினன், கூட்டினதைத் திரும்பக் கூட்டினன். ஹோலிலை அவர் குரல் இல்லை. எட்டிப் பாத்தன். அவர் வெயிலுக்குள்ளை இருக்கிறார், சுகிர்தம் இருக்கிறாள், நடுவிலை இடம் வெறுமையாக் கிடக்கு, இரண்டு பேரும் ஒண்டும் கதையாமல் குசினி வாசலைப் பாத்துக்கொண்டிருக்கினம். மணி ஒண்டு தாண்டிப் போச்சு.

நான் கையைத் துடைச்சுக்கொண்டு போனன். முதல் கையை நீட்டினன், சுட்டுது. பேந்து கால் வைச்சன். பேந்து இருந்தன். ஐயோ, அந்த வெயில் முதுகிலை விழுந்த உடனை எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது, அவ்வளவு காலமா என்ர எலும்பெல்லாம் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டது எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது.

என்ர மனிசன் என்னைத் திரும்பிப் பாத்தார், கிட்ட வந்து பாத்தார். "உமக்கு நரைச்சுப் போச்சு தவம்" எண்டார்.

"எப்பவோ நரைச்சிட்டுது. நீங்கள்தான் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தியள்."

"ஓம்" எண்டார். அது அந்த மூண்டிலை ஒண்டான ஓம் இல்லை. பேந்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்திலை இருக்கிறவைக்குச் சொல்லுற அளவான குரலிலை துவங்கினார். "சுகிர்தம், உன்ர கொக்கா கலியாணத்துக்கெண்டு இஞ்சை வந்திறங்கினதும் இப்பிடி ஒரு இருட்டு நாளிலைதான். நான் விமான நிலையத்திலை ஒரு ஜக்கெற்றோடை நிக்கிறன். இவ கதவாலை வாறா. என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டா. நான் அதுக்கு ஒரு பொய் சொன்னன். அது பொய்யெண்டு இண்டைவரைக்கும் இவவுக்குத் தெரியாது."

"என்ன பொய் அத்தான்? என்ன—" எண்டு சுகிர்தம் கேக்கேக்கை வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, பாயிலை எங்கட மூண்டு பேற்றை நிழலும் நீண்டு, ஒண்டாப் போய், விழுந்திட்டுது. அவள் என்ர மடியிலை சரிஞ்சாள். நித்திரை.

இருட்டு. நான் அசையேல்லை. இனி அவர் எழும்பிப் போய்ச் சுவரைப் பாத்துப் படுப்பார், எனக்குத் தெரியும், இவ்வளவு நாளும் அப்பிடித்தானே. அவர் எழும்பினார். ஜக்கெற்றைப் போட்டார். துரீட்டின்ர சறுக்குக் கதிரையைப் படியடியிலை கொண்டுவந்து வைச்சார், ஐசிலை தள்ளிக்கொண்டு போற அந்தக் கதிரையிலை இரண்டு பேருமாச் சுகிர்தத்தை இருத்தி, நான் இரவல் வாங்கி வைச்ச உடுப்பெல்லாம் போட்டுக் கட்டி, பஸ் தரிப்பிடத்துக்கு இறக்கத்தாலை வெளிக்கிட்டம். தெரு விளக்குக்குக் கீழை பனி தூறிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை இழுத்தன், அவர் கதிரையைத் தள்ளினார். பாதி இறக்கம் வரை சத்தமில்லை. நான் மனதை இறுக்கிக்கொண்டு வந்தன்.

"அந்தப் பொய் என்னெண்டால், தவம்" எண்டார்.

அதுக்குப் பிறகு பஸ் தரிப்பிடம் வரைக்கும் சொன்னார், பஸ்ஸுக்குள்ளை சொன்னார், பஸ்ஸிலை இருந்த வெள்ளைச்சனம் திரும்பித் திரும்பிப் பாக்கச் சொன்னார். நான் சிரிச்சன், பேந்து அழுதன், பேந்து கோவம் வந்து, விமான நிலைய வாசலிலை சறுக்குற ஐசிலை நிண்டு அவரை நல்லாப் பேசினன், அவர் பேச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். அங்கத்தை ஆக்கள் சுகிர்தத்தைச் சில்லுக்கதிரையிலை இருத்தி உள்ளுக்குக் கொண்டுபோச்சினம். அவள் கண்ணே திறக்கேல்லை.

பிறகு வந்த நாளுகளிலையும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத்தான் செய்தார், அதை மறைக்கேல்லை. ஆனா இடைக்கிடை இருட்டுக்குள்ளையிருந்து ஒரு கதை வரும், நான் பக்கத்திலை இருப்பன்.

சுகிர்தம் ஊருக்குப் போய், நோர்வேயிலை இருட்டெண்டு சொல்லுறதெல்லாம் சுத்தப் பொய், நான் கண்ணாலை கண்டனான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாளாம். திரியட்டும். கிழமைக்கு ஒருக்கா எனக்கு ரெலிபோன் எடுப்பாள், எடுத்ததும் கேக்கிறது ஒண்டுதான்: "அக்கா, அத்தான் அண்டைக்கு என்னடி பொய் சொன்னவர்? எனக்குத் தலை வெடிக்குது, சொல்லனெடி."

மறந்துபோச்செடி எண்டு சொல்லிப்போட்டு, அங்கை மழை பெய்யுதோ எண்டு கேப்பன்.